மண்டையோட்டைத் திறக்காமல் மூளையைப் பார்த்த கணக்கு

பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. விழுந்த அன்று தலையில் லேசான வீக்கம். தைலம் தடவினோம், இரண்டு நாளில் வடிந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தார். இடது கையில் பிடித்த டம்ளரிலிருந்து காபி சிந்தியது. பயந்துபோய் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். மருத்துவர் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் செருகினார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பிறை மாதிரி ஒரு கருஞ்சாம்பல் பட்டை கிடந்தது. அதைப் பேனா நுனியால் தொட்டு, "இது ரத்தம். புதுசு இல்ல, மூணு வாரத்துக்கு மேல ஆனது. எங்கயாவது விழுந்தாங்களா?" என்று கேட்டார். விழுந்த கதையை நாங்கள் அதுவரை சொல்லவே இல்லை.

மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். சில வாரங்களில் பெரியம்மா மறுபடி வாசலில் கோலம் போட்டார். அந்தப் பேனா நுனி மட்டும் என் நினைவை விட்டுப் போகவில்லை. ஒரு சாம்பல் நிறத்தைப் பார்த்து ரத்தத்தின் வயதை எப்படிச் சொல்ல முடிந்தது?

இந்தக் கருவி வருவதற்கு முன் மூளை நோயாளிகள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் மண்டையோடு பளிச்சென்று தெரியும், உள்ளே இருக்கும் மூளை தெரியாது. அதனால் 1919-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி ஒரு வழி கண்டுபிடித்தார். முதுகெலும்பில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றுவது. காற்று மூளையின் உள்ளறைகளுக்குப் போய் நிற்கும். அதன் வடிவம் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்து, கட்டி இருக்கும் இடத்தை ஊகிப்பார்கள். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, அதுவும் நாள்கணக்கில். வேறு வழி இல்லாததால் சுமார் ஐம்பது ஆண்டுகள் இதைத்தான் செய்தார்கள்.

எக்ஸ்ரேயில் என்ன குறை? அது ஒரு நிழல். கதிர் நெற்றியில் நுழைந்து பின்மண்டை வழியாக வெளியே வரும்போது, வழியில் பார்த்த எல்லாவற்றின் கணக்கையும் ஒன்றாகக் கூட்டித்தான் தருகிறது. எலும்பு இவ்வளவு தடுத்தது, மூளை இவ்வளவு தடுத்தது என்று தனித்தனியாகச் சொல்வதில்லை. கடையில் பில்லைப் பார்க்காமல் மொத்தத் தொகையை மட்டும் கேட்டு வருவது போல. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் எக்ஸ்ரேயைத் தடுப்பதில் உள்ள வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குதான். இத்தனை சின்ன வித்தியாசம் எலும்பின் பெரிய தொகைக்குள் அமுங்கிப் போகும்.

மொத்தத் தொகைகளை மட்டும் வைத்து ஒவ்வொரு பொருளின் விலையையும் கண்டுபிடிக்க முடியுமா? ஒரு தாள் எடுங்கள். இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 8, கீழ் வரிசை 8. இடது பத்தி 5, வலது பத்தி 11. எண்கள் என்ன?

மேலே 4, 4. கீழே 1, 7 என்று போட்டால் எல்லாம் சரியாக வருகிறது. மேலே 3, 5. கீழே 2, 6 என்று போட்டாலும் சரியாகவே வருகிறது. இரண்டு திசையிலிருந்து மட்டும் பார்த்தால் விடை ஒன்றாக நிற்காது. இப்போது குறுக்காக ஒருமுறை பார்ப்போம். இடது மேல் மூலையையும் வலது கீழ் மூலையையும் கூட்டினால் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், முதல் விடை அடிபட்டுப் போனது. 3, 5, 2, 6 மட்டுமே மிஞ்சும். ஒரு புதிய கோணம் முடிச்சை அவிழ்த்துவிட்டது. சி.டி. ஸ்கேனின் உயிர் இந்த நான்கு கட்டத்துக்குள் இருக்கிறது. இயந்திரம் உங்கள் தலையைச் சுற்றிச் சுற்றி வருவது இந்தக் குறுக்குக் கூட்டல்களுக்காகத்தான்.

ஒரு சின்னத் தடை உண்டு. கதிர் உடலுக்குள் போகும்போது கூட்டல் நடப்பதில்லை, பெருக்கல் நடக்கிறது. ஒரு தடுப்பு பாதி ஒளியை விடுகிறது, அடுத்த தடுப்பு அதிலும் பாதியை விடுகிறது என்றால், வெளியே வருவது கால் பங்கு. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் வித்தை நமக்குப் பள்ளியிலேயே தெரியும்: மடக்கை. ஒன்பதாம் வகுப்பில் அந்த அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டும்போது இது எதற்கென்றே எனக்குப் புரிந்ததில்லை. அளந்த ஒளிக்கு மடக்கை எடுத்தவுடன் எல்லாம் நம் கட்டக் கணக்காக மாறிவிடுகிறது.

நான்கு கட்டத்துக்குச் சரி. வழவழவென்று மாறிக்கொண்டே போகும் ஒரு முழு உருவத்துக்கும் இது பொருந்துமா? பொருந்தும் என்று 1917-இலேயே நிரூபித்துவிட்டார் ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடான். ஒரு தளத்தின் மேல் எல்லாத் திசைகளிலும் போகும் எல்லாக் கோடுகளிலும் உள்ள கூட்டுத்தொகை தெரிந்தால், தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு சூத்திரம் கொடுத்தார். அவர் நோயாளிகளை நினைத்து அதைச் செய்யவில்லை. கணக்கின் அழகுக்காகச் செய்தார். ஜெர்மன் மொழியில் வெளியான அந்தக் கட்டுரை மருத்துவர்கள், பொறியாளர்கள் கண்ணில் படாமல் அரை நூற்றாண்டு கிடந்தது.

1956. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த ஆலன் கோர்மாக், வாரத்தில் ஒன்றரை நாள் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனைக்குப் போய்க் கதிரியக்க வேலைகளை மேற்பார்வை பார்த்தார். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது உடலை ஒரே சீரான பொருளாக நினைத்துக் கணக்குப் போடுவதைக் கவனித்தார். எலும்பு வேறு, நுரையீரல் வேறு ஆயிற்றே என்ற உறுத்தலில், வெளியே இருந்து அளந்து உள்ளே இருப்பதைச் சொல்லும் கணக்கைத் தானே உருவாக்கினார். ராடான் ஏற்கெனவே செய்திருந்தது அவருக்குப் பதினாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கோர்மாக் செய்த முதல் சோதனையை நான் மறுபடி மறுபடி படிப்பேன். நடுவில் ஓர் அலுமினிய உருளை, சுற்றிலும் மரவளையம். கோபால்ட் கதிரை ஊடுருவவிட்டு அளந்தார். கணக்கு நன்றாகவே வந்தது, ஆனால் நட்ட நடுவில் அலுமினியத்தின் மதிப்பு சற்றுக் குறைவாக வந்தது. பட்டறையில் போய் விசாரித்தார். அந்த உருளையின் நடுவே கொஞ்சம் வேறு தன்மையுள்ள ஓர் அலுமினிய முளையைச் செருகியிருந்தது தெரிந்தது. கோர்மாக்குக்கே தெரியாத முளையை அவருடைய கணக்கு கண்டுபிடித்துவிட்டது!

1963-லும் 1964-லும் கட்டுரைகளாக வெளியிட்டார். மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. பிரதி கேட்டு வந்ததிலேயே சுவாரசியமான கடிதம் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்ததாகப் பின்னாளில் நோபல் உரையில் நினைவுகூர்ந்தார்.

இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு இவர்கள் இருவரையும் தெரியாது. பண்ணை வீட்டில் வளர்ந்தவர், போர்க்காலத்தில் விமானப்படையில் ராடார் கற்றவர், அப்புறம் இசைத்தட்டுகளுக்குப் பேர்போன இ.எம்.ஐ. நிறுவனத்தில் கணினி வடிவமைத்தவர். மூடிய பெட்டிக்குள் இருப்பதை எல்லாக் கோணத்திலிருந்தும் அளந்து கண்டுபிடிக்கலாம் என்று 1967-இல் அவருக்குத் தோன்றியது. பழைய கடைசல் இயந்திரத்தின் அடித்தட்டில் கருவியைக் கட்டினார். கதிர்மூலம் வலுக் குறைந்தது என்பதால் ஒரே ஒரு குறுக்குவெட்டை அளக்க ஒன்பது நாள் ஆனது. அளந்ததைக் கணக்கிட்டுப் படமாக்கக் கணினிக்கு இரண்டரை மணி நேரம். எக்ஸ்ரே குழாய்க்கு மாறியதும் ஒன்பது நாள் ஒன்பது மணி நேரமாகக் குறைந்தது. மாட்டு மூளைகளை வாங்கி வந்து சோதித்தார்.

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனை. மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணைக் கதிரியக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் அந்த இயந்திரத்தில் படுக்க வைத்தார். நீர் நிரம்பிய பெட்டிக்குள் ரப்பர் உறை வழியாகத் தலையை நுழைக்க வேண்டும். கதிர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்ந்து 160 அளவுகள் எடுக்கும், ஒரு பாகை திரும்பும், மறுபடி 160. இப்படி 180 முறை. மொத்தம் 28,800 அளவுகள். தலையின் குறுக்குவெட்டை 80-க்கு 80 ஆகப் பிரித்திருந்தார்கள், அதாவது 6,400 கட்டங்கள். தெரியாத எண்களைவிட அளவுகள் நாலு மடங்குக்கும் மேல். ஒவ்வோர் அளவிலும் சின்னச் சின்னப் பிழை இருக்கும் என்பதால் இந்த உபரி தேவைப்பட்டது.

அளவுகள் காந்த நாடாவில் பதிவாகி, கணினி இருக்கும் இடத்துக்குப் போய், படமாகத் திரும்பி வந்தன. முன்மூளையில் வட்டமாக, கருப்பாக ஒரு கட்டி. அறுவை செய்த மருத்துவர், படத்தில் இருந்தபடியே இருக்கிறது என்றார். மருத்துவரே அல்லாத ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் 1979-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் பக்கத்துப் பெயர் ஒன்று இந்தக் கதையில் இருப்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல, படம் எப்படி வரைகிறார்கள் என்பதற்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை நேராகத் தீர்ப்பது கணினிக்கே சுமை. எளிய வழி, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே தாள் முழுக்கத் திரும்ப இழுத்துவிடுவது. நனைந்த தூரிகையால் கோடு இழுப்பது போல எல்லாக் கோணத்திலிருந்தும் இழுத்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மை அடர்ந்து பொருள் தெரியும். ஆனால் வழியெல்லாம் மை படிகிறது. அதனால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மூடுபனி மாதிரி ஒரு மங்கல் சூழ்ந்துவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தைக் கண்டுபிடித்த ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து 1971-இல் இந்த மங்கலை நீக்க எளிய வழி ஒன்றை வெளியிட்டார். அதற்கு முன் பெரும்பாலும், நிழலை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் கனமான ஃபூரியே கணக்கு வழியாக இதைச் செய்வார்கள். இவர்கள் சொன்னது: நிழலைத் திரும்ப இழுப்பதற்கு முன், அதன் ஒவ்வோர் அளவையும் பக்கத்து அளவுகளோடு சில நிலையான எண்களால் பெருக்கிக் கூட்டுங்கள். நடுவில் இருப்பதை 0.25-ஆல். இருபுறமும் அடுத்ததை −0.101-ஆல். அதற்கடுத்தது பூஜ்யம். அப்புறம் −0.011. மறுபடி பூஜ்யம். இப்படியே தேய்ந்துகொண்டு போகும்.

இந்த எண்கள் எல்லாவற்றையும் கடைசிவரை கூட்டினால் சரியாகப் பூஜ்யம் வரும். அதன் பொருள், நிழல் மாறாமல் ஒரே சீராக இருக்கும் இடத்தில் இந்த வடிகட்டி எதையும் விட்டுவைக்காது. எங்கே மாறுகிறதோ, அந்த விளிம்பு தூக்கலாக நிற்கும். பக்கங்களில் விழும் கழித்தல் எண்கள், மற்றக் கோணங்களிலிருந்து வந்து படியும் மையைத் துடைத்துவிடும். உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் இதை 'ராம்-லாக் வடிகட்டி' என்ற பெயரில் இன்றும் படிக்கிறார்கள். கணிதப் பேராசிரியரின் மகனான ராமச்சந்திரனுக்கு ராம்-லாக் என்ற அந்தப் பெயருக்காகவே நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்பது என் ஆசை.

சரி, பெரியம்மாவின் ஃபிலிமுக்கு வருவோம். கணக்கு முடிந்ததும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கிடைக்கிறது. ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அளக்கும் இந்த எண்ணில் தண்ணீர் 0, காற்று −1000. கொழுப்பு −100 பக்கம். மூளை 25-இலிருந்து 40-க்குள். கெட்டி எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். இத்தனை பெரிய வீச்சைச் சாம்பல் நிறங்களாகக் காட்டினால் நம் கண்ணுக்கு மூளையின் உள்வித்தியாசம் தெரியாது. அதனால் மூளையைப் பார்க்கும்போது 0-இலிருந்து 80 வரையுள்ள எண்களுக்கு மட்டும் சாம்பல் நிறங்களைப் பங்கிட்டு, கீழே உள்ளதைக் கருப்பாகவும் மேலே உள்ளதை வெள்ளையாகவும் விட்டுவிடுகிறார்கள். வெளிச்சப் பெட்டியில் நாம் பார்க்கும் படம் அப்படித் தேர்ந்தெடுத்த ஒரு சாளரம்.

மூளைக்கு வெளியே புதிதாகக் கசிந்த ரத்தம் உறையும்போது நீர் பிரிந்து, ஹீமோகுளோபின் புரதம் நெருங்கிக்கொள்ளும். அடர்ந்த புரதம் எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கும், எண் 60, 70 என்று ஏறும், படத்தில் வெள்ளையாகத் தெரியும். நாள் போகப் போக அந்தப் புரதம் சிதைந்து கரைகிறது. எண் இறங்குகிறது. மூன்று வாரத்துக்கு அப்புறம் அது மூளையையும்விடக் கீழே, தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடும். மருத்துவர் பேனாவால் தொட்ட கருஞ்சாம்பல் அதுதான்.

இடையில் ஒரு கட்டம் உண்டு. இறங்கி வரும் ரத்தத்தின் எண்ணும் மூளையின் எண்ணும் சில நாள்களுக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பெரியம்மாவை நாங்கள் இரண்டு வாரம் முன்னால் கூட்டிப் போயிருந்தால், அந்தப் பிறை மூளையின் நிறத்திலேயே கலந்து கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் அனுபவமுள்ளவர்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை. மூளையின் மடிப்புகள் ஓட்டுப் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றனவா, நடுக்கோடு ஒரு சில மில்லிமீட்டராவது விலகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.