டி.ஏ.டி. தேர்வின் உருவ உணர்திறன் பகுதி: தயாரிப்பில் கவனிக்க வேண்டியவை

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சேர விரும்பும் இளங்கலை மாணவர்கள் சிலர், விடுமுறைக் காலங்களில் எங்கள் பல் மருத்துவமனைக்கு வந்து சிகிச்சைகளை உடனிருந்து பார்ப்பது வழக்கம். டி.ஏ.டி. நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேச்செடுத்தால் உயிரியலுக்கும் கரிம வேதியியலுக்கும் விரிவான திட்டம் சொல்கிறார்கள். பி.ஏ.டி. எனப்படும் உருவ உணர்திறன் பகுதியைப் பற்றிக் கேட்டாலோ, அது பிறவியிலேயே அமைய வேண்டிய திறன் என்றோ, கடைசி இரண்டு வாரங்களில் பார்த்துக்கொள்ளலாம் என்றோ பதில் வருகிறது. இந்த இரண்டு எண்ணங்களுமே தவறு. பயிற்சியால் இத்திறன் வளர்வதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆனால் அது கடைசி நேரத்தில் வளர்வதில்லை.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்தும் இத்தேர்வில் பி.ஏ.டி. பகுதிக்கு 90 கேள்விகளும் 60 நிமிடங்களும் உண்டு. சராசரியாக ஒரு கேள்விக்கு 40 வினாடிகள். கீஹோல், டாப்-ஃப்ரண்ட்-எண்ட், ஆங்கிள் ரேங்கிங், ஹோல் பஞ்சிங், கியூப் கவுண்டிங், பேட்டர்ன் ஃபோல்டிங் என்று மாணவர்கள் அழைக்கும் ஆறு வகைகளிலும் தலா 15 கேள்விகள் இதே வரிசையில் வருகின்றன. அளவுகோலோ கோணமானியோ வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

பல் மருத்துவத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் கேட்பதுண்டு. கீஹோல் கேள்வியில் ஒரு திண்ம உருவத்தையும் ஐந்து துளைகளையும் காட்டி, எந்தத் துளை வழியாக அது நேராகச் செல்லும் என்று கேட்பார்கள். நுழைக்கும் முன் உருவத்தை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், நுழைத்த பின் திருப்பக்கூடாது. கிரவுன் எனும் பல் உறையைப் பொருத்துவதற்காகப் பல்லைச் செதுக்கும்போது நாங்கள் மனத்தில் கணக்கிடுவதும் ஏறத்தாழ இதுதான். கிரவுன் ஒரே திசையில் தடையின்றி இறங்க வேண்டும். பக்கச் சுவரில் எங்கேனும் உட்குழிவு இருந்தால் அது இறங்காது. மேற்கடைவாய்ப் பற்களைச் சிறு கண்ணாடியில் பார்த்தபடி வேலை செய்வதும், தட்டையான எக்ஸ்ரே படத்திலிருந்து வேரின் வளைவை ஊகிப்பதும் இதே வகையைச் சேர்ந்த திறன்கள். ஆயினும் இப்பகுதியில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் நல்ல மருத்துவராக முடியாது என்று யாரும் கருதிவிட வேண்டாம். கை வேலை பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த பிறகுதான் கற்பிக்கப்படுகிறது.

ஆறு வகைகளில் முதலில் கைப்பற்ற வேண்டியது கியூப் கவுண்டிங் என்பது என் கருத்து. அதற்குக் கற்பனையைவிட ஒழுங்கான கணக்கே தேவை. ஒட்டி அடுக்கிய கனசதுரங்களின் வெளிப்புறம் முழுவதும், தரையில் படியும் அடிப்பக்கம் மட்டும் நீங்கலாக, வண்ணம் பூசப்பட்டதாகக் கொண்டு, இரண்டு பக்கம் வண்ணம் உள்ளவை எத்தனை, மூன்று பக்கம் உள்ளவை எத்தனை என்று கேட்பார்கள். சதுரமாக அடுக்கிய நான்கு கனங்கள் கீழும் அதேபோல் நான்கு மேலுமாக எட்டு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கீழ் அடுக்கில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும், மேல் அடுக்கில் மூன்று பக்கமும் வண்ணம் இருக்கும். மேல் அடுக்கின் ஒரு மூலையில் ஒன்பதாவது கனத்தை வைத்தால் அதற்கு ஐந்து பக்கம் வண்ணம். அதன் அடியில் இருப்பதற்கோ மூன்று இரண்டாகக் குறைகிறது. ஆக, இரண்டு பக்கம் உள்ளவை 5, மூன்று பக்கம் உள்ளவை 3, ஐந்து பக்கம் உள்ளவை 1. இவற்றின் கூட்டல் மொத்த எண்ணிக்கையான 9-உடன் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அந்த உருவத்தைப் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே அட்டவணையிலிருந்து விடை எழுதலாம்.

மடித்த தாளில் துளையிட்டு, பிரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும் என்று கேட்கும் ஹோல் பஞ்சிங்கும் அவ்வாறே முறைக்கு அடங்கும். நான்குக்கு நான்கு புள்ளிக் கோலம் போலப் பதினாறு இடங்களைக் குறித்துக்கொண்டு, கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கிப் பிரித்து, ஒவ்வொரு மடிப்புக் கோட்டுக்கும் மறுபுறம் துளையைப் பிரதிபலித்துக்கொண்டே வர வேண்டும். துளையிட்ட இடத்தில் தாள் ஒற்றையாக இருந்தால் பிரதி கிடையாது. அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான்.

கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தச் சொல்லும் ஆங்கிள் ரேங்கிங்கில் கோணத்தின் கைகளின் நீளம் கண்ணை ஏமாற்றும் என்பதால் முனையை மட்டும் பார்த்து, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் முதலில் முடிவு செய்தால் விடைகள் பாதி கழிந்துவிடும். மேல், முன், பக்கத் தோற்றங்களில் இரண்டைக் காட்டி மூன்றாவதைக் கேட்கும் டாப்-ஃப்ரண்ட்-எண்ட் கேள்விகளில் மறைந்த விளிம்புகள் புள்ளிக்கோடுகளாக வரும். அவற்றை எண்ணிப் பார்ப்பதே பல நேரங்களில் போதுமானது. கீஹோலும், தட்டை வடிவத்தை மடித்தால் கிடைக்கும் திண்ம உருவத்தைக் கேட்கும் பேட்டர்ன் ஃபோல்டிங்கும்தான் கூடுதல் காலம் கேட்பவை. ஞாயிறன்று நான்கு மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் அரைமணி நேரம் பழகுவது இவற்றில் பலன் தருகிறது. தவறிய கேள்வியின் உருவத்தை அட்டையில் வெட்டி மடித்துப் பார்ப்பதையும் நான் பரிந்துரைக்கிறேன்.

மதிப்பெண் பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 மார்ச் முதல் மதிப்பெண் 200-லிருந்து 600 வரையிலான அளவில் தரப்படுகிறது. 1 முதல் 30 வரையிலான பழைய அளவில் அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்லும் இலக்குகளை இதனுடன் நேராக ஒப்பிட முடியாது. பி.ஏ.டி. மதிப்பெண், தேர்வின் மற்றப் பகுதிகளைக் கொண்டு கணக்கிடும் கல்விச் சராசரியில் சேராவிட்டாலும் தனியாகக் கல்லூரிகளின் பார்வைக்குச் செல்கிறது.

மாதிரித் தேர்வு எழுதுவோர் காலையில் புத்துணர்வோடு பி.ஏ.டி.யை மட்டும் எழுதிப் பார்த்துத் திருப்தியடைவது சரியான அளவீடு ஆகாது. உண்மைத் தேர்வில் 90 நிமிடங்களில் 100 அறிவியல் கேள்விகளை முடித்த பிறகே இப்பகுதி வருகிறது, இடைவேளை அதற்கும் அப்பால்தான். ஆகவே வீட்டிலும் அதே வரிசையில் எழுத வேண்டும். 46-ஆம் கேள்வியில் தொடங்கும் ஹோல் பஞ்சிங்கையும் 61-இல் தொடங்கும் கியூப் கவுண்டிங்கையும் முதலில் முடித்துவிட்டுக் கீஹோலுக்குத் திரும்புவது தமக்கு ஒத்துவருகிறதா என்பதையும் அப்போதே சோதித்துவிட வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடத் தேவையில்லை.