கடிதத்தில் ஐ.நா. சின்னம், பணம் யார் கணக்குக்கு?

சென்ற மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும், இத்தகைய நேர்காணல்களுக்குப் பயிற்சி கொடுக்கும் என்னைத் தேடி மதுரைக்கு வந்தார்கள். மகள் கல்வியியலில் முதுகலை முடித்தவள். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த கடிதத்தை அம்மா என் மேசையில் எடுத்து வைத்தார். தென்கிழக்கு ஆசிய நாடு ஒன்றில் ஆறு வாரம் கல்வி மேம்பாட்டு இன்டர்ன்ஷிப், அதாவது பணிப் பயிற்சி. மேலே ஐ.நா. சின்னம். கட்டணம் 1,85,000 ரூபாய்.

“நகையை அடகு வைத்தால் கட்டிவிடலாம் சார். நல்ல இடம்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

இத்தகைய கடிதங்களை நான் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். அடியில் ஒரு ஜிமெயில் முகவரி. அதற்கு மேலே பணம் செலுத்த ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு. இன்னும் மேலே, ‘சுற்றுலா விசா நாங்களே எடுத்துத் தருவோம்.’ சின்னம் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. நேர்காணல் எப்படி நடந்தது என்று மகளிடம் கேட்டேன். “நடக்கவே இல்லை சார். பயோடேட்டா அனுப்பிய இரண்டாம் நாள் தேர்வாகிவிட்டதாகச் சொன்னார்கள்.”

ஐக்கிய நாடுகள் சபை ஆள் எடுப்பதில் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பத்துக்கும் இல்லை, நேர்காணலுக்கும் இல்லை, பயிற்சிக்கும் இல்லை. அதே சமயம் ஐ.நா. தலைமைச் செயலகம் தன்னிடம் இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறவர்களுக்குச் சம்பளமும் கொடுப்பதில்லை. விமான டிக்கெட், விசா, வாடகை எல்லாம் போகிறவர் செலவு. 2015இல் ஜெனீவாவில் அப்படிச் சேர்ந்த ஓர் இளைஞர் வாடகை கட்டுப்படியாகாமல் கூடாரம் அடித்துத் தங்கியது உலகச் செய்தியானது. அதே ஊரிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உதவித்தொகை தருகிறது. ஆக, நேர்மையான இன்டர்ன்ஷிப்பிலும் கையை விட்டுப் பணம் போகலாம். ஆனால் அது விமான நிறுவனத்துக்கும் வீட்டுக்காரருக்கும் போகும். உங்களைத் தேர்ந்தெடுத்தவருக்குப் போகாது.

இப்படிக் கடிதம் அனுப்புகிறவர்களிடம், ‘வேலைக்கு ஆள் அனுப்ப 1983 குடிபெயர்வுச் சட்டப்படி நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா, எண்ணைக் கொடுங்கள், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கிறோம்’ என்று கேட்டால், ‘இது வேலையில்லை, பயிற்சிதான்’ என்று நழுவுவார்கள். ஆறு வாரப் பயிற்சிதான் என்றால், மூன்றாம் மாதத்திலிருந்து சம்பளம் என்று வாய்மொழியாகச் சொன்னது எதற்கு என்று கேளுங்கள். கணினி வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய், இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பலர் சுற்றுலா விசாவில் போனவர்கள்.

மோசடி என்று சொல்ல முடியாத இன்னொரு ரகமும் உண்டு. பணம் கட்டினால் இரண்டு வாரம் ஏதோ ஒரு நாட்டுப் பள்ளியில் பாடம் நடத்த விடுவார்கள். ஒத்தக்கடைப் பள்ளிக்குத் தமிழ் தெரியாத ஒருவர் ஜெர்மனியிலிருந்து வந்து, பதினைந்து நாள் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனால் நாம் அதைக் கல்வி மேம்பாடு என்போமா? அநாதை இல்லம் என்றால் இன்னும் மோசம். நேபாளத்திலும் கம்போடியாவிலும் தாய் தந்தை உயிரோடு இருக்கும் குழந்தைகளையே இப்படி வருகிறவர்களுக்காக இல்லங்களில் வைத்திருந்தது வெளிவந்திருக்கிறது.

சரி, உண்மையான இடத்தில் என்ன கேட்கிறார்கள்? என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு மாணவி இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையவழி நேர்காணலுக்கு உட்கார்ந்தாள். 2030க்குள் எட்ட வேண்டிய ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் நான்காவது, தரமான கல்வி என்று எல்லாம் மனப்பாடம். கேள்வியோ, ‘உங்கள் ஊர்ப் பள்ளிகளில் உணவுத் திட்டம் எப்படி நடக்கிறது?’ 1956, காமராஜர், மதிய உணவு என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், கீழ அண்ணாத்தோப்பு மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. அந்தப் பள்ளி இருக்கும் சிம்மக்கல்லைத் தாண்டித்தான் அவள் தினமும் கல்லூரிக்குப் பஸ்ஸில் போனாள். அந்த இடம் கிடைக்கவில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது. நானும் இலக்குகளைத்தான் ஒப்பிக்கச் சொல்லியிருந்தேன்.

பிறகு தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, அவளை ஒரு பள்ளியின் வராந்தாவில் பத்து நாள் காலையில் உட்கார வைத்தேன். உப்புமா அன்று எத்தனை பேர், பொங்கல் அன்று எத்தனை பேர், மணி அடித்த பிறகு யார் ஓடி வருகிறார்கள், தட்டில் மிச்சம் எவ்வளவு என்று குறித்து வந்தாள். பெரிய ஆய்வு ஒன்றுமில்லை, நோட்டில் நான்கு பக்கம். அடுத்த நேர்காணலில் இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினார்கள். இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அங்கே முதல் மாதம் முழுக்க அவள் செய்தது கணக்கெடுப்பு அட்டவணைகளில் விடுபட்ட கட்டங்களைத் தேடியதுதான் என்பது வேறு கதை.

“அப்படியானால் இவள் போகவே முடியாதா சார்?” என்றார் உசிலம்பட்டி அம்மா. போகலாம். பாரிஸில் ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோவின் கல்வித் திட்டமிடல் நிறுவனம் 1963 முதல் இருக்கிறது. ஹாம்பர்க்கில் வாழ்நாள் கல்விக்கு, மாண்ட்ரியலில் புள்ளிவிவரத்துக்கு என்று தனி நிறுவனங்கள் உண்டு. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் டில்லியில் மகாத்மா காந்தி பெயரிலேயே ஒன்று இருக்கிறது. விதிகளை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில்தான் படிக்க வேண்டும். ஐ.நா. தலைமைச் செயலகம் என்றால், படித்துக்கொண்டிருக்கும்போதோ, முடித்த ஓராண்டுக்குள்ளோ இன்டர்ன்ஷிப்பைத் தொடங்கியாக வேண்டும். மகளுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

எழுந்தபோதுதான் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், முன்பணமாக ஐயாயிரம் போன வாரமே அனுப்பிவிட்டார்களாம். மறுபடி உட்காரச் சொல்லி, என் மேசையிலிருந்தே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தோம். அவர்கள் சொன்ன புகார் எண்ணை மகள் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டாள்.