கண்ணாடி விரியனும் கண்ணாடிக் குழாயும்

பர்மாவில் எங்கள் பெகு பக்கம் நெல் அறுப்பு தொடங்கினால் கண்ணாடி விரியன் பயமும் கூடவே தொடங்கிவிடும். போன அறுப்பில் சித்தப்பாவைக் கணுக்காலில் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், நர்ஸ் 2 மில்லி ரத்தம் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் நிறுத்தி, 20 நிமிடம் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சித்திக்கு வந்ததே கோபம்: "மனுசன் துடிக்கிறாரு, இவங்க ரத்தத்தை வேடிக்கை பார்க்கிறாங்க!"

அந்த வேடிக்கைதான் பரிசோதனையே. விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது என்று நினைக்கிறோம், உண்மையில் அது உறைவைக் கிளப்பிவிடுகிறது. உடம்பு முழுக்கக் கண்ட இடத்தில் துளித்துளியாக உறைந்து, உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் என்ற புரதம் தீர்ந்துபோகும், வீடு கட்ட வாங்கி வைத்த சிமெண்டைத் தெருவில் கொட்டித் தீர்த்த மாதிரி. அப்புறம் ஈறில் கசிந்தாலும் மூளைக்குள் கசிந்தாலும் அடைக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

நல்ல ரத்தம் கண்ணாடியில் பட்டால் தானே உறையத் தொடங்கும். பிளாஸ்டிக்கில் அப்படி நடக்காது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. நல்ல ரத்தத்தையே கெட்டதாகக் காட்டிவிடும். அதனால் புதிதாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். 20 நிமிடம் ஆனதும் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். சித்தப்பாவின் ரத்தம் தண்ணீர் போல ஓடியது.

சரி, கடித்தவுடனே விஷமுறிவு ஊசியைப் போட்டுவிட வேண்டியதுதானே? கடித்த பாம்பு எல்லாம் விஷத்தை இறக்குவதில்லை. மருந்தோ குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, சிலருக்கு ஒவ்வாமையில் மூச்சே அடைத்துவிடும், அதை அடக்கும் அட்ரினலின் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். வெளிப்படையாக ரத்தம் கசிந்தால் மட்டும் குழாய்க்காகக் காத்திருக்கமாட்டார்கள். சென்னையிலிருந்து மருந்து வரவழைக்கலாமா என்று மாமா கேட்டார். அங்குள்ள விரியன் வேறு இனம், இங்குள்ளது வேறு. அந்த மருந்து இதற்குச் சரியாகக் கேட்காது.

சித்தப்பாவுக்கு இங்குள்ள மருந்தையே ஏற்றினார்கள். மருந்து விஷத்தைத்தான் முறிக்கும், தீர்ந்த புரதத்தைத் திருப்பித் தராது. அதை ஈரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் அடுத்த குழாய் 6 மணி நேரம் கழித்து. இந்தத் தடவை சாய்த்தபோது கட்டியாக நின்றது. சித்தி கும்பிடப் போனார், நர்ஸ் ஒரு பாட்டிலை நீட்டி, இனிமேல் சிறுநீரை அளந்து எழுதுங்கள், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும் என்றார்.