அந்தக் கூரையில் கால் வைக்காதீர்கள்

இந்த முறையும் நடந்துவிட்டது.

தமிழ்க் குழுக்களை இத்தாலிக்கு அழைத்துப் போவது என் வேலை. தெற்கே பூலியா மாநிலத்தில், பாரி நகரத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் அல்பெரோபெல்லோ வந்துவிடும். பத்தாயிரம் பேர் இருக்கும் சின்ன ஊர். கூம்புக் கூரை போட்ட அந்த வெள்ளை வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ட்ருல்லி என்பார்கள். 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை.

அங்கே ஆயா பிக்கோலா பகுதியில் சில கூரைகளின் விளிம்பு தோள் உயரத்துக்கு இறங்கி வரும். எங்கள் குழுவில் ஒருவர் பக்கத்துத் திட்டில் ஏறி, போட்டோவுக்காகக் கூரையில் ஒரு காலை ஊன்றினார். கையகலப் பலகைக்கல் ஒன்று நழுவி விழுந்து இரண்டாக உடைந்தது. கதவு திறந்தது. ஒரு வயதான அம்மா வெளியே வந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்மவர் என்னிடம், "கொஞ்சம் சிமென்ட் வைத்து ஒட்டினால் சரியாகிவிடுமே" என்றார்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வழிகாட்டிகள் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் புதிய ஊர் அமைத்தால் நேப்பிள்ஸ் அரசருக்கு வரி கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கவே, அரசரின் ஆட்கள் வந்தால் சட்டென்று பிரித்துப்போட வசதியாகச் சாந்தில்லாமல் கட்டச் சொன்னார்கள், இந்த ஊரை ஆண்ட கோன்வெர்சானோவின் பிரபுக்கள் என்பது கதை. 1797இல் அரசர் நான்காம் ஃபெர்டினாண்ட் அந்தப் பிரபுக்களிடமிருந்து ஊருக்கு விடுதலை தந்த பிறகுதான் சாந்து வைத்த முதல் வீடு எழுந்தது. காசா தமோரே என்ற அந்த வீடு இன்றும் இருக்கிறது. கதையைக் கேட்டவர்கள், 'அப்படியானால் இதெல்லாம் தற்காலிகக் கட்டடம், பலம் கிடையாது, பெரிய விஷயமில்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தவறு. சாந்து இல்லை என்றால் அக்கறை இல்லாமல் கட்டியது என்று அர்த்தமில்லை. சுவர் இரண்டு அடுக்கு, நடுவே சில்லுக்கல். கூரையும் இரண்டு அடுக்கு. உள்ளே வளையம் வளையமாகக் குறுகி மேலே ஒரு கல்லில் முடியும் கூம்பு. வெளியே கியாங்கரெல்லே என்னும் பலகைக்கற்கள், மழைநீர் வழிய வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து அடுக்கியவை. மேல் வரிசையின் எடைதான் கீழ் வரிசையைப் பிடித்து வைத்திருக்கிறது. பல நூறு மழைக்காலம் தாங்கும். பக்கவாட்டில் உதைக்கும் ஒரு காலைத் தாங்காது. சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும், கல் விரிந்து சுருங்க இடமிருக்காது. ஒரு கல்லை மாற்ற, பல சமயம் மேலே உள்ள வரிசைகளையும் பிரித்துத் திரும்ப அடுக்க வேண்டும். அந்தக் கைத்தொழில் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்னொன்று. பூலியாவின் சுண்ணாம்புக்கல் பூமியில் மழை பெய்த தண்ணீர் மேலே தங்காது. அதனால் கூரையில் விழும் மழையை வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு இறக்கினார்கள். அந்தக் கூரைதான் ஒரு குடும்பத்தின் குடிநீராக இருந்தது. தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

சரி, போகிறவர்களுக்கு. உயரத்திலிருந்து படம் வேண்டுமென்றால் ஊரின் இன்னொரு பகுதியான ரியோனே மோந்தியில் பல கடைகளுக்கு மொட்டைமாடி உண்டு, கேட்டுவிட்டு ஏறுங்கள். அங்கே மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ட்ருல்லி இருக்கின்றன, பெரும்பாலும் கடைகள்தான். ஆயா பிக்கோலா அப்படியல்ல, ஆட்கள் குடியிருக்கும் தெரு. மூடிய கதவைத் தள்ளாதீர்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள், மதியம் அவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் சத்தம் போடாதீர்கள். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க ட்ருல்லோ சொவ்ரானோ இருக்கிறது. இரண்டு தளம் கொண்ட வீடு, இப்போது அருங்காட்சியகம். உதிர்ந்த கல்லை நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள். பாரம்பரியச் சின்னத்தைச் சேதப்படுத்துவது இத்தாலியில் குற்றம், 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று போலீசிடம் விளக்க நான் தயாராக இல்லை.

அப்புறம் செருப்பு. தெருக்கல் நடந்து நடந்து கண்ணாடி மாதிரி தேய்ந்திருக்கிறது, அதுவும் சரிவில். மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடி வைத்த ஷூ போடுங்கள். அம்மா, அப்பாவோடு வருபவர்கள் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த குழுவுக்குக் கூரை விஷயத்தை அங்கே போய்ச் சொல்லப் போவதில்லை, பாரியில் பஸ் ஏறும்போதே சொல்லிவிடுவேன்.