பாரமுண்டி என்கிற கொடுவா

வட ஆஸ்திரேலிய ஆறுகளில் தூண்டில் போடும் காணொளிகளைப் பார்க்கிறவர்களுக்குப் 'பாரமுண்டி' பழகிய பெயர். கலங்கிய நீரில் சாய்ந்து கிடக்கும் மரத்தடியிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒன்று துள்ளி எழும், தலையை இரண்டு உதறு உதறும், இரை ஒரு பக்கமும் மீன் ஒரு பக்கமுமாகப் பறக்கும். தமிழில் எழுதுகிறவர்களும் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு, பக்கத்தில் 'ஆஸ்திரேலிய மீன்' என்று ஒரு விளக்கத்தையும் போட்டுவிடுகிறார்கள். அந்த விளக்கம் பாதிதான் சரி. பாரசீக வளைகுடாவில் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை கழிமுகங்களில் வாழும் மீன் இது. தமிழ்க் கடற்கரையில் இதைக் கொடுவா என்பார்கள்.

முதலில் வந்த சொல்லைப் பார்த்துவிடலாம். பாரமுண்டி என்பது குயின்ஸ்லாந்தின் ராக்ஹாம்ப்டன் வட்டாரத்துப் பழங்குடி மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். 'பெரிய செதில் மீன்' என்று பொருள் சொல்கிறார்கள். செதில் பெரிதாக இருக்கிற மீன் ஒன்றுதானா உண்டு? அதனால் குடியேறிய வெள்ளைக்காரர்கள் நுரையீரல் மீனையும் பாரமுண்டி என்றார்கள், சாரடோகா எனும் எலும்புநாக்கு மீனையும் அப்படியே அழைத்தார்கள். இன்று நாம் பேசும் மீனுக்கு அப்போது 'ராட்சதப் பெர்ச்' என்ற பெயரும் வழக்கில் இருந்தது. பல மீன்கள்மேல் ஏறி இறங்கிய சொல், கடைசியில்தான் இந்த ஒன்றின்மேல் நிலைத்தது.

ஆங்கிலத்தில் இந்த மீனுக்கு அதற்கு முன்பே வேறொரு பெயரும் உண்டு. காலனிக்காலக் கல்கத்தாவில் வங்காளிகள் பேட்கி என்று அழைத்ததை ஆங்கிலேயர்கள் 'காக்கப்' என்றார்கள். ஆங்கிலத்தில் 'காக்' என்றால் சேவல், அதனால் சேவல் கொண்டை நினைவுக்கு வரும். ஆனால் சேவலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மலாய் மொழியின் 'காகாப்' அவர்கள் வாயில் அப்படித் திரிந்தது. இந்தோனேசியாவில் இன்றும் இது 'காகாப் பூத்தே', அதாவது வெள்ளைக் காகாப்.

அறிவியல் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். கால்காரிஃபர் என்பது 1790-ல் ஜெர்மானிய மீனியலாளர் ப்ளாக் வைத்தது. குதிமுள் தாங்கியது என்று பொருள். மீனைக் கையில் எடுத்தவருக்கு இந்தப் பெயரின் நியாயம் உடனே தெரிந்துவிடும். செவுள் மூடியின் விளிம்பில் ரம்பப் பற்களும் முள்ளும் இருக்கின்றன. செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கப் பார்த்தால் விரல் கிழியும், தூண்டில் நரம்பு உரசினால் நரம்பு அறுபடும். லேட்டஸ், நைல் நதியில் வாழும் இதன் உறவுக்காரனின் பழைய கிரேக்கப் பெயர். அந்த மீனை வழிபட்ட எகிப்திய ஊர் ஒன்றைக் கிரேக்கர்கள் லாட்டோபோலிஸ் என்றே அழைத்தார்கள்.

சரி, கொடுவா? கொடுமை, கொடூரம் என்று நினைத்து, வேட்டையாடும் மீன் என்பதால் இந்தப் பெயர் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'கொடு' என்பதற்கு வளைந்த என்ற பொருளும் உண்டு. கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். சங்கப் பாடல்களில் பரதவர் ஏறிப் போகும் கொடுந்திமில் வளைந்த படகு. கொடுவாள் வளைந்த வாள். ஆக, கொடுவாய் என்றால் வளைந்த வாய். கடைசி 'ய்' பேச்சில் உதிர்ந்து கொடுவாவாக நின்றது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மீனைப் பக்கவாட்டில் பாருங்கள்: நெற்றி உள்வாங்கிக் குழிந்திருக்கும், வாய் சாய்வாகக் கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும், கீழ்த்தாடை முன்னால் துருத்தும்.

இதே 'கொடுவாய்' அகநானூற்றின் 36-ஆம் பாடலில் வருகிறது, ஆனால் மீனின் வாயாக அல்ல. அங்கே 'கொடுவாய் இரும்பு' என்பது தூண்டில் முள். அதில் கோத்த இரையை விழுங்கிய வரால் ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூக்களைச் சிதைத்து, வள்ளைக் கொடியைக் கலக்கி, கயிறு மாட்டிய கோபக்காரக் காளையைப் போலக் குளத்தையே உழக்குகிறது. இழுப்பவன் இழுத்தும் வர மறுக்கிறது. அந்த ஆளுக்குப் பாட்டு தரும் பெயர் 'தூண்டில் வேட்டுவன்'. 'விளையாட்டு மீன்பிடிப்பு' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோமே, அதைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. தூண்டில் வேட்டை என்று சொன்னால் என்ன குறை?

கொடுவா துரத்தி வேட்டையாடும் மீனல்ல, பதுங்கி அடிக்கும். அலையாத்தி வேர், மூழ்கிய மரம், பாறை இடுக்கு என்று மறைவாக நிற்கும். ஓதம் வடியும்போது சிறு ஓடைகளிலிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் ஆற்றுக்கு இறங்கும் வாயில் காத்திருக்கும். இரை எட்டும் தூரத்தில் வந்ததும் வாயை ஒரே நொடியில் அகலத் திறக்கும். நீரோடு இரையும் உள்ளே போய்விடும். நீர்ப்பரப்பில் இது நடந்தால் 'பூஃப்' என்று ஒரு சத்தம் வரும். ஆஸ்திரேலியத் தூண்டில்காரர்கள் இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டே இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். கூரிய கோரைப்பல் கிடையாது, வாய்க்குள் ரம்பத்தாள் போன்ற நுண்பற்கள்தான். நரம்பின் முனையில் லீடர் எனும் தடித்த நரம்புத் துண்டைக் கட்டுவது இதற்காகவும் அந்தச் செவுள் முள்ளுக்காகவும்தான். தன் இனம் என்ற தயவும் இதற்கு இல்லை. பண்ணைகளில் குஞ்சுகளை அளவு பார்த்து அடிக்கடி பிரித்து வைக்காவிட்டால், பெரியது சிறியதை விழுங்கிவிடும்.

இதன் வாழ்க்கை ஓட்டத்துக்கும் தமிழில் சொல் தேட வேண்டியிருக்கிறது. உல்லம் எனும் ஹில்சா மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். கொடுவா நேர்மாறு: ஆற்றிலும் சதுப்பிலும் வளர்ந்துவிட்டு, முட்டையிடக் கழிமுகத்துக்கு இறங்கும், ஏனென்றால் முட்டைக்கு உப்புநீர் வேண்டும். முன்னதை ஏறுமீன், பின்னதை இறங்குமீன் என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட விசித்திரம் பால் மாற்றம். மூன்று முதல் ஐந்து வயதில் ஆணாக முதிர்ந்து, சில பருவங்கள் இனப்பெருக்கத்தில் ஈடுபட்டு, அதன்பின் பெண்ணாக மாறிவிடும். அதனால் பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும். பெரிய பெண் மீனின் முட்டைகளை எண்ணினால் கோடிக்கு மேல் போகும்.

குயின்ஸ்லாந்தின் பொது விதிக்குக் காரணம் இதுதான். 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. கீழ் எல்லை இளம் ஆண்கள் ஒருமுறையாவது இனம் பெருக்க வழிவிடுகிறது. மேல் எல்லை முட்டையிடும் பெரிய பெண்களைக் காக்கிறது. கிழக்குக் கரையில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை பிடிக்கவே தடை, அது முட்டையிடும் காலம். மீன் விட்டு வளர்க்கும் அணைகளில் மட்டும் விதி கொஞ்சம் தளர்வு. காரணம், அங்கிருக்கும் மீன் கடலுக்குப் போக வழியில்லை. எவ்வளவு கொழுத்தாலும் இனம் பெருக்க முடியாது. தூண்டிலில் பிடித்த கொடுவாவில் உலகச் சாதனையான 44.64 கிலோ மீன் 2010-ல் மாண்டுரான் ஏரி என்ற அப்படி ஓர் அணையில்தான் கிடைத்தது.

இனி எழுத்தில் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவைப் பற்றி எழுதும்போது ஒருமுறை 'பாரமுண்டி' என்று சொல்லிவிட்டு, அப்புறம் கொடுவா என்றே தொடரலாம். 'ஆசியக் கடல் பாஸ்' என்ற ஆங்கில வழி மொழிபெயர்ப்பு வேண்டாம், இது பாஸ் குடும்பமே அல்ல. விக்டோரியா ஏரியில் கொண்டுபோய் விடப்பட்டு அங்கிருந்த சிறு மீனினங்களை அழித்த நைல் பெர்ச் இதே பேரினம் என்பதால், அதை நைல் கொடுவா எனலாம். அறிவியல் கட்டுரை எழுதுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: 2012-ல் இலங்கையிலிருந்து லேட்டஸ் லக்திவா, மியான்மரிலிருந்து லேட்டஸ் உவிசாரா என்று இரண்டு இனங்களைத் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். எனவே வெறும் கொடுவா என்று எழுதி நிறுத்தாமல் இனப்பெயரையும் சேர்ப்பது நல்லது.

ஆஸ்திரேலியர்கள் செல்லமாகச் சுருக்கிச் சொல்லும் 'பாரா'வை மட்டும் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். பாரை என்று நமக்கு வேறொரு மீன் இருக்கிறது, வேறு குடும்பம். அதுவும் தூண்டில் வேட்டையில் பேர்போனதுதான்.