அரை அடிக் கண்ணாடிக்கு இத்தனை விலை ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கிளென்வுட் பக்கம் பிஜியன் வேலி என்றொரு சின்னக் காடு இருக்கிறது. சுற்றிலும் வீடுகள், நடுவில் காடு. குளிர்காலத்தில் ஸ்பாட்டட் கிரவுண்ட் த்ரஷ் அங்கே வந்து தங்கும். வெள்ளை மார்பில் கரும்புள்ளி தெளித்த பறவை. சருகைக் கிளறிப் புழு தேடும், நாலு அடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். வெளியே வெயில் பளிச்சென்று அடிக்கிற நேரத்திலும் அந்த மரங்களுக்கு அடியில் அந்தி மாதிரிதான் இருக்கும்.

அப்படி ஒரு காலையில் நான் எடுத்த படங்கள் எல்லாமே கலங்கிப் போயின. பக்கத்தில் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்திருந்த ஓர் அண்ணன். தைப்பூசக் காவடியையும் படம் பிடிப்பவர், பறவையையும் விடாதவர். அவர் எடுத்த படத்தில் பறவையின் கண்ணில் மரக்கிளையின் நிழல்கூடத் தெரிந்தது. பறவையும் அதேதான், நாங்கள் நின்ற தூரமும் ஒன்றுதான். என்னுடைய லென்ஸ் எஃப் 6.3. அவருடையது 600 மில்லிமீட்டர், எஃப் 4. "2015-ல வந்த புதுசுல வாங்கினது தம்பி. இப்போன்னா நான் வாங்கியிருக்கவே மாட்டேன்" என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளியியல் இருக்கிறது, ரசாயனம் இருக்கிறது, நம் நாட்டுப் பணமான ராண்டின் கதையும் இருக்கிறது.

முதலில் அந்த எஃப் எண். லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாசலின் அகலம் கிடைக்கும். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மில்லிமீட்டர், ஏறக்குறைய அரை அடி. கல்யாண வீடுகளில் எல்லோரும் வைத்திருக்கும் 70-200 எஃப் 2.8 லென்ஸுக்கு இதே கணக்கில் 71 மில்லிமீட்டர்தான் வரும். இந்தக் கணக்கை எந்தத் தொழில்நுட்பமும் ஏமாற்ற முடியாது. எஃப் 6.3-ஐவிட எஃப் 4 இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். நான் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்த இடத்தில் அண்ணனுக்கு 250-இல் ஒரு பங்கு போதும். ஓடுகிற பறவைக்கு அந்த வித்தியாசம்தான் படம்.

சரி, கண்ணாடி இரண்டு மடங்கு அகலமானால் விலையும் இரண்டு மடங்குதானே ஆக வேண்டும்? இல்லை. அகலம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. அதே வடிவத்தில் தடிமனும் கூடுவதால் கண்ணாடியின் அளவு எட்டு மடங்கு. அந்த எட்டு மடங்குக் கண்ணாடிக்குள் எங்கேயும் ஒரு குமிழியோ அலையோ இருக்கக் கூடாது. உருக்கிய கண்ணாடியை அவசரமாக ஆறவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கி ஒளி கோணிப் போகும். ஆகவே பெரிய கட்டிகளை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுகிறார்கள்.

அடுத்த தொல்லை நிறம். கண்ணாடி நீலத்தைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கும். முப்பட்டகத்தில் வானவில் பிரிவது இதனால்தான். தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் நீண்ட டெலி லென்ஸில் இந்தப் பிரிவு பெரிதாகி, பறவையின் விளிம்பில் ஊதாக் கோடு போட்டுவிடும். இதற்கு மிகச் சிறந்த மருந்து ஃபுளோரைட், அதாவது கால்சியம் ஃபுளோரைடு படிகம். நிறத்தைப் பிரிக்காத தன்மையை அளக்க அபே எண் என்ற ஒன்று உண்டு. சாதாரண ஒளியியல் கண்ணாடிக்கு அது 64, ஃபுளோரைட்டுக்கு 95. அந்த எண்ணுக்குப் பெயர் தந்த எர்ன்ஸ்ட் அபேயே 1880களில் இயற்கை ஃபுளோரைட்டை நுண்ணோக்கிகளில் வைத்துப் பார்த்தார். ஆனால் பூமியில் பெரிய, குறையில்லாத படிகம் அரிது. செயற்கையாக வளர்த்த ஃபுளோரைட்டைக் கேமரா லென்ஸில் வைத்து முதலில் கடைக்குக் கொண்டுவந்தது கேனான், 1969-இல்.

இந்தப் படிகத்தின் மூலக்கல்லான ஃபுளோர்ஸ்பார் நம் தென்னாப்பிரிக்க மண்ணில் நிறையவே இருக்கிறது. உலகில் இருப்பு அதிகமுள்ள நாடுகளில் இதுவும் ஒன்று. கௌடெங் மாகாணத்தில் உள்ள வெர்கெனூக் சுரங்கம் பெயர்பெற்றது. ஆகக் கல்லுக்குப் பஞ்சம் இல்லை, வேலைதான் விலை. 1,400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெற்றிட உலையில் மிக மெல்லக் குளிர்வித்துப் படிகத்தை வளர்க்க வேண்டும். வளர்ந்த பிறகும் அது குழந்தை மாதிரி. கத்தி முனை பட்டால் கீறும், திடீரென்று வெப்பம் மாறினால் விரிசல் விடும். மெருகேற்றச் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். வெப்பத்துக்கு அது காட்டும் இந்தக் கூச்சமும் கேனானின் பெரிய லென்ஸ்களுக்கு வெள்ளை நிறம் வந்ததற்கு ஒரு காரணம். டர்பனின் பிப்ரவரி வெயிலில் கறுப்பு லென்ஸைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வடிவம் இன்னொரு செலவு. கோள வடிவப் பரப்பைத் தேய்ப்பது எளிது. இரண்டு பரப்புகளை மாற்றி மாற்றி உரசினால் தானாகவே கோளம் வரும். ஆனால் கோளம் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்காது. அதைத் திருத்த, கோளத்திலிருந்து இம்மியளவு விலகிய பரப்பு வேண்டும். உரசி உரசி அது வராது. இடத்துக்கு இடம் வேறு அளவில் தேய்க்க வேண்டும், அல்லது துல்லியமான அச்சில் அழுத்த வேண்டும். நம் நாட்டுச் சதர்லேண்டில் 2005-இல் திறக்கப்பட்ட சால்ட் என்ற பெரிய தொலைநோக்கியைப் பாருங்கள். ஒளியைப் பிரதிபலிக்கும் 91 கண்ணாடித் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அகலம். அத்தனையும் ஒரே கோள வளைவு. இப்படிச் செய்துதான் செலவைக் குறைத்தார்கள். கோளத்தின் பிழையை மேலே வைத்த நான்கு சிறிய கண்ணாடிகள் திருத்துகின்றன. கையில் தூக்கும் லென்ஸில் அப்படித் தனிக் கருவி மாட்ட இடம் இல்லை.

பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பூசாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு லென்ஸுக்குள் இருக்கும் பல கண்ணாடிகளில் காற்றைத் தொடும் பரப்புகள் 24 இருந்தால், உள்ளே போன நூறு பங்கில் 38 பங்குதான் கடைசியில் மிஞ்சும். எனவே ஒவ்வொரு பரப்பிலும் வெற்றிட அறையில் மெல்லிய படலங்களை அடுக்குகிறார்கள். ஜெர்மனியில் 1935-இல் தொடங்கிய வித்தை இது.

இவையெல்லாம் லென்ஸ் ஏன் விலை அதிகம் என்பதற்கான பதில். விலை ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பது வேறு கேள்வி.

2010-இல் ஜப்பானிய நிறுவனங்கள் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்களை விற்பனைக்கு அனுப்பின. 2022-இல் அது சுமார் 80 லட்சம். சின்னக் கேமராக்களைச் செல்பேசி விழுங்கிவிட்டது. லென்ஸ் மாற்றும் கேமராக்களும் தப்பவில்லை. 2012-இல் 2 கோடி, 2022-இல் சுமார் 60 லட்சம். ஆனால் வடிவமைப்புச் செலவும் உலைச் செலவும் குறையவில்லை. கூடவே 2018 முதல் கேனானும் நிகானும் பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்ட மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு, மாறியதால் லென்ஸ் வரிசை முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டி வந்தது. பந்தியில் ஆள் குறைந்தாலும் அடுப்பு ஒன்றுதான். மிஞ்சியிருப்பவர்கள்தான் அந்த விறகுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ராண்ட். அண்ணனின் நிகான் 600 எஃப் 4, 2015-இல் அமெரிக்காவில் சுமார் 12,300 டாலர். 2022-இல் அதன் இடத்துக்கு வந்த மிரர்லெஸ் லென்ஸ், படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் பெருக்கியை உள்ளேயே வைத்து, சுமார் 15,500 டாலர். டாலரில் பார்த்தால் கால் பங்கு ஏற்றம், பெருக்கியையும் தந்திருக்கிறார்கள், நியாயம் என்றே சொல்லலாம். ஆனால் ஒரு டாலருக்கு 12 ராண்ட் சொச்சமாக இருந்தது இடையில் 17-ஐத் தாண்டிவிட்டது. நேரடியாக மாற்றினால் ஒன்றரை லட்சம் ராண்ட் இருந்த இடத்தில் ஏறக்குறைய 2,70,000. 2018-இல் வாட் வரியும் 14-லிருந்து 15 சதவீதமானது. நான் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் எடுத்து வைத்தேன். விலை என்னைவிட வேகமாக நடந்தது. காட்டையும் பறவையையும் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்கு அவற்றைப் படமெடுக்கும் கருவி எட்டாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

விலை இறங்கிய இடமும் ஒன்று உண்டு. கண்ணாடியின் மேல் மிக நுண்ணிய வளைய வளையப் படிகளை அமைத்தால், அந்த விளிம்புகளைத் தாண்டும்போது ஒளி வளையும், விளிம்பு விலகல் என்பது இதுதான். அதில் சிவப்புத்தான் நீலத்தைவிட அதிகம் வளையும், கண்ணாடிக்கு நேர் எதிர்! இரண்டையும் சேர்த்தால் நிறப்பிழை ஒன்றையொன்று தின்றுவிடும், கனமான கண்ணாடிகள் பல தேவையில்லாமல் போகும். நிகான் 2013-இல் கொண்டுவந்த 800 எஃப் 5.6 லென்ஸ் நாலரைக் கிலோ, கிட்டத்தட்ட 18,000 டாலர். இந்த வளைய முறையில் 2022-இல் வந்த 800 எஃப் 6.3 இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு, 6,500 டாலர். வாசலை 143-லிருந்து 127 மில்லிமீட்டருக்குச் சுருக்கியதும் இதில் சேர்த்திதான். எதிர் வெளிச்சத்தில் விளக்குகளைச் சுற்றிச் சில நேரம் வளையம் தெரியும். குலூலுவே வனவிலங்குப் பூங்காவில் பகல் வெளிச்சத்தில் கழுகு எடுப்பவர்களுக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

பிஜியன் வேலியில் மட்டும் எஃப் 6.3 என்றால் எஃப் 6.3தான், எந்த வளையம் போட்டாலும். அதனால் நேரத்தை மாற்றிக்கொண்டேன். பத்து மணி வாக்கில் ஒற்றையடிப் பாதையின் ஒரு திருப்பத்தில் கிளைகளுக்கிடையே ஒரு பாய் அளவு வெயில் விழுகிறது. த்ரஷ் அந்தச் சருகுக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.