கண்காணிப்பு விடுதலை ரத்தானால்: மேல்முறையீட்டுக்கு 14 நாட்களே

கண்காணிப்பு விடுதலை (சிறைத்தண்டனை முடிந்தபின் நிபந்தனைகளோடும் கண்காணிப்போடும் வெளியே இருக்கும் காலம்) ரத்தாகி மீண்டும் சிறைக்குப் போனவரின் குடும்பத்தார், உத்தரவு வந்து மூன்று வாரம் கழித்துப் பழைய வழக்குக் கட்டோடு வந்து நிற்பது, அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் வாதாடும் எங்களுக்குப் பழகிப்போன காட்சி. சென்ற வாரமும் அப்படியே நடந்தது. கட்டின் மேலே பழைய சாட்சிகளின் வாக்குமூலங்கள் கோடிட்டு வைக்கப்பட்டிருந்தன. விடுதலையை ரத்து செய்த உத்தரவு மட்டும் அதில் இல்லை.

முதல் வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னார்கள், அதை இப்போது எடுத்து வாதாடுங்கள் என்கிறார்கள். முடியாது. அந்தத் தீர்ப்பு எப்போதோ இறுதியாகிவிட்டது. நிபந்தனை மீறப்பட்டதா, விசாரணை முறைப்படி நடந்ததா, இப்போது விதித்த தண்டனை சட்டத்துக்கு உட்பட்டதா, நியாயமானதா என்பவற்றை மட்டுமே இந்த மேல்முறையீட்டில் கேட்க முடியும். சந்தேகத்தின் பலனையும் எதிர்பார்க்காதீர்கள். பொதுவாக இங்கே ஜூரி கிடையாது, மீறல் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி கருதினால் போதும். புதிய குற்றச்சாட்டிலிருந்து மாநில நீதிமன்றம் விடுவித்திருந்தாலும் அதே சம்பவத்துக்காக விடுதலை ரத்தாகலாம். வெளியே ஒழுங்காக இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளும்படி உரிமையாகக் கேட்கவும் முடியாது.

வாதத்துக்கு இடமே இல்லை என்பதல்ல. ஃபெடரல் சட்டம் குற்றங்களைக் கடுமையின்படி வகுப்புகளாகப் பிரிக்கிறது; முதல் வழக்கின் குற்றம் ‘சி’ அல்லது ‘டி’ வகுப்பானால் பொதுவாக 2 ஆண்டுக்கு மேல் விதிக்க முடியாது. அந்தப் பழைய குற்றத்துக்குப் பதிலடியாகத் தண்டிக்கும் நோக்கத்தை ரத்து விசாரணையில் கணக்கில் கொள்ளக்கூடாது என்று 2025 ஜூனில் எஸ்டெராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் நீதிபதி அந்தத் தொனியில் பேசும்போதே வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்துப் பதிவில் ஏற்ற வேண்டும். இல்லையேல் மேல்நீதிமன்றம் வெளிப்படையான, பாதிப்பு உண்டாக்கிய பிழையை மட்டுமே திருத்த முன்வரும்.

உத்தரவு பதிவான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்தாக வேண்டும். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் அதற்கு மேலும் 30 நாள் வரை நீட்டிக்கலாம். அதை நம்பி இருக்காதீர்கள். அறிவிப்பு சில வரிகளே, வாதங்கள் பிறகுதான் வரும் என்பதால், நல்ல வக்கீலாகப் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று நாளைக் கடத்தாமல், விசாரணையில் நின்ற வழக்கறிஞரிடமே அன்றே கேளுங்கள். கட்சிக்காரர் சொன்னால் தாக்கல் செய்வது அவர் கடமை. சில மாதத் தண்டனையானால், மேல்முறையீடு முடிவதற்குள் அதுவே முடிந்து, தொடரும் கண்காணிப்பு ஏதும் இல்லாவிட்டால் வழக்கே பயனற்றதென்று தள்ளுபடியாகக்கூடும் என்பதால், விரைவு விசாரணைக்கான மனுவையும் உடனே போடச் சொல்லுங்கள்.